உருவம் முதலில், இறகு அப்புறம்: மரவாத்து செதுக்கத் தொடங்குபவர்களுக்கு

மரத்தில் வாத்து செதுக்கிப் பழக நினைப்பவர்களில் பெரும்பாலோர் இறகிலிருந்து ஆரம்பிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். போட்டிகளில் பரிசு வாங்கிய வாத்துகளின் படங்களைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு இறகின் நரம்பும் தனித்தனியாகத் தெரியும், தொட்டால் பறந்துவிடும் என்று தோன்றும். அதைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தால், கை உடனே நுணுக்கத்துக்குப் போகத் துடிக்கும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பல வருடப் பழக்கம். யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். முதல் வாத்தில் இறகே வேண்டாம். எதிர்வெளிச்சத்தில் வெறும் கருநிழலாகத் தெரியும்போதும் அது இன்ன வாத்து என்று சொல்ல முடிந்தால் போதும். அந்த உருவம் வந்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

இது என் சொந்த ரசனை மட்டும் கிடையாது. இந்தக் கலையே அப்படித்தான் பிறந்தது. 'டிகாய்' என்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் சொல்லப்படும் இந்த மரவாத்து, வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்ட போலி வாத்து. மேலே பறந்து போகிற கூட்டம் கீழே தன் இனம் நிம்மதியாக மிதப்பதைப் பார்த்து, இங்கே ஆபத்தில்லை, இரை இருக்கிறது என்று நம்பி இறங்கும். பறக்கிற வாத்து அத்தனை உயரத்திலிருந்து இறகின் நரம்பையா பார்க்கப்போகிறது? அது பார்ப்பது உடம்பின் நீளம், தலை நிற்கிற விதம், பெரிய நிறத் திட்டுகள், தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகை என்று ஒன்று இருக்கிறது. 1924-ல் அங்கே அகழாய்வு செய்தவர்கள் கோரையால் முடைந்த 11 போலி வாத்துகளைக் கண்டெடுத்தார்கள். சுமார் 2000 வருடங்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் செய்தவை. கோரையை மடக்கிக் கட்டி உடம்பு, தலை, வால் எல்லாம் செய்து, சிலவற்றுக்குச் சாயம் பூசி, இறகும் செருகியிருக்கிறார்கள். அவற்றின் படத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கோரைக்கட்டில் நுணுக்கம் என்று என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் நெற்றியிலிருந்து அலகு வரை ஒரே சரிவாக இறங்கும் அந்தத் தலையைப் பார்த்ததும் அது கேன்வாஸ்பேக் என்ற வாத்து என்று பறவை தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். தொடங்குபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வட அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பிற்பாடு இதையே மரத்தில் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வாத்துக் கறிக்குச் சந்தை பெருகியபோது, நூற்றுக்கணக்கான மரவாத்துகளை ஒரே இடத்தில் மிதக்கவிட்டு வேட்டையாடினார்கள். மேரிலாந்தில் சஸ்குவஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு இதற்குப் பேர்போனது. அங்கே கரையில் இருக்கும் ஹாவ்ரே டி கிரேஸ் என்ற சிற்றூரில் இன்று டிகாய்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டெட்ராய்டில் மேசன் என்ற தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை மரவாத்துகளைத் தயாரித்து விற்றது. பறவைகள் வேகமாகக் குறைந்தன. 1918-ல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் சந்தைக்காக வேட்டையாடுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்துப் பார்வைப் பறவைகளாக, அதாவது கூட்டத்தை ஈர்க்கும் தூண்டிலாக, பயன்படுத்துவதும் 1935-ல் தடைசெய்யப்பட்டது. நான் வேட்டையாடுபவன் இல்லை, அந்தச் சட்டங்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்குப் பிறகும் இந்தக் கைவேலை மறையாமல், அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற கலையாகத் தொடர்ந்தது என்பதிலும் அதே அளவு மகிழ்ச்சி.

பழைய மரவாத்துகளைப் பார்க்கும்போது என்னை அதிகம் ஈர்ப்பது, ஒவ்வொரு நீர்நிலையும் தன் வாத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டது என்பதுதான். மேல் செசபீக்கின் பெரிய விரிகுடாவுக்கு வட்டமான அடிப்பாகம் கொண்ட, கனமான, ஒரே கட்டையில் செதுக்கிய வாத்து. நியூ ஜெர்சியில் சின்னப் படகில் நிறைய வாத்துகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் உள்ளே குடைந்து எடைகுறைத்த சீடர் மர வாத்து. மெயின் மாநிலக் கடற்கரையில் கழுத்து உடைந்துபோகாமல் இருக்க உடம்பில் பள்ளம் வெட்டித் தலையை அதற்குள் பதித்தார்கள். அழகுக்காக யாரும் இப்படிச் செய்யவில்லை. தேவைக்குச் செய்தார்கள், அழகு தானாக வந்து சேர்ந்தது.

சரி, நம் வேலைக்கு வருவோம். மரத்தைத் தொடுவதற்கு முன் வாத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். மாசசூசெட்ஸில் எல்மர் க்ரோவெல் என்று ஒருவர் இருந்தார் (1862–1952). அவர் செதுக்கிய இரண்டு பறவைகள் 2007-ல் தலா 11.3 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டன. கலையில் இறங்குவதற்கு முன் அவர் ஒரு வேட்டை முகாமைப் பொறுப்பெடுத்து நடத்தியவர், உயிருள்ள பார்வை வாத்துகளோடு தினமும் பழகியவர். வாத்து தூங்கும்போது கழுத்து எப்படி மடிகிறது, இறகு கோதும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் வந்த அறிவு கிடையாது. அவர் செதுக்கிய வாத்துகளில் அது தெரிகிறது.

நமக்கு அவ்வளவு வாய்ப்பு இருக்காது. ஆனால் குளத்திலோ பூங்காவிலோ வாத்து மிதப்பதை நிதானமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது முதலில் தண்ணீர்க்கோட்டைப் பாருங்கள். மல்லார்ட், ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை மேல்நீரில் மேய்பவை. இவை தண்ணீரின்மேல் உயரமாக மிதக்கும், வால் மேல்நோக்கித் தூக்கி நிற்கும். கேன்வாஸ்பேக் மாதிரி முக்குளித்து இரை தேடுபவை தாழ்ந்து மிதக்கும், வால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வாலின் கோணம் ஒன்றை மாற்றினாலே வாத்தின் இனம் மாறிவிட்டதுபோல் தோன்றும். அப்புறம் தலையைப் பாருங்கள். பயந்த வாத்து கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். நிம்மதியாக இருப்பது தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டு கிடக்கும். பழைய கைவினைஞர்கள் நிம்மதியான வாத்தைத்தான் அதிகம் செதுக்கினார்கள். நீங்களும் அதையே செதுக்குங்கள். கழுத்து குட்டையாக இருந்தால் உடையவும் உடையாது.

முதல் வாத்துக்கு, பச்சைத் தலையும் கழுத்தில் வெள்ளை வளையமும் உள்ள ஆண் மல்லார்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உடம்பு பெரியது, நிறத் திட்டுகள் தெளிவானவை, படங்களும் அளவுகளும் தாராளமாகக் கிடைக்கும். முழு அளவு கைக்குப் பெரிதாகத் தோன்றினால் பாதி அளவில் செய்யலாம். அலங்காரத்துக்கு அது போதும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மென்மையாக இருக்க வேண்டும், ரேகை நேராகவும் சீராகவும் ஓட வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெள்ளைச் சீடர், வெள்ளைப் பைன், பாஸ்வுட் எல்லாம் இந்தக் கலையில் வெகுகாலமாகப் புழங்குபவை. நுணுக்கமான இறகு வேலைக்குச் சதுப்பு நிலத்தில் வளரும் டுபெலோ மரத்தின் பருத்த அடிப்பாகத்தை விரும்புவார்கள், அது பிசிறில்லாமல் வெட்டுப்படும். இவை கிடைக்காவிட்டால் நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் விழுகிற மரமாக இருந்தால் கையால் செதுக்கலாம். கட்டையின் குறுக்குவெட்டில் மரத்தின் நடுப்புள்ளி தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். காயக் காய அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும்.

கருவிகளும் கொஞ்சம்தான். நல்ல செதுக்குக் கத்தி ஒன்று, மர அரம் ஒன்று, ஒரு ரம்பம், அரைவட்ட உளி ஒன்றிரண்டு, உப்புத்தாள். இரண்டு பக்கமும் பிடியுள்ள இழுப்புக் கத்தி இருந்தால் உடம்பு வேலை சீக்கிரம் நடக்கும். கத்தியைவிட முக்கியமானது அதைத் தீட்டும் தோல்பட்டை. தீட்டு மசகு தடவிய தோலில் அடிக்கடி கத்தியை இழுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மழுங்கின கத்திக்கு அதிக அழுத்தம் தேவை, அதிகம் அழுத்தினால் கை நழுவும், காயம் படுவது அப்படித்தான். கட்டையைப் பிடிக்கிற கைக்கு வெட்டுப்படாத கையுறை, கத்தி பிடிக்கிற கையின் கட்டைவிரலுக்கு உறை, தேய்க்கும்போது முகக்கவசம். இந்த மூன்றும் இல்லாமல் உட்காராதீர்கள். சீடர் தூள் மூச்சுக்கு ஆகாது.

இப்போது வரைபடம். பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, மேலிருந்து பார்க்கும் தோற்றம் ஒன்று. இரண்டையும் அட்டையில் வெட்டி, கட்டையின் இரண்டு முகங்களிலும் வரைந்துகொள்ள வேண்டும். பேண்ட்சா என்ற மின்ரம்பம் உள்ளவர்கள் அதில் அறுத்துவிடலாம். இல்லாதவர்கள் கோடு வரை வரிசையாக ரம்பத்தால் வெட்டுப் போட்டு, நடுவில் இருப்பதை உளியால் தட்டி எடுக்கலாம். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். மரத்தின் ரேகை நெஞ்சிலிருந்து வாலுக்கு ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கும்போது உடம்பின் அகன்ற நடுப்பகுதியில் தொடங்கி, ஒரு பக்கம் நெஞ்சை நோக்கியும் மறுபக்கம் வாலை நோக்கியும் கத்தி இறங்க வேண்டும். எதிர்த்துப் போனால் கத்தி ரேகைக்குள் புகுந்து சில்லைப் பிளந்துவிடும்.

முதுகின் நடுவே நெஞ்சிலிருந்து வால்வரை ஒரு பென்சில் கோடு போடுங்கள். செதுக்கச் செதுக்க அது அழியும். அழிந்த ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் கொஞ்சம் எடுத்தால் உடனே மறுபக்கத்திலும் அவ்வளவு எடுப்பது என்று வைத்துக்கொண்டால் வாத்து ஒருச்சாய்ந்து போகாது. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வருவது கேட்க நன்றாக இருக்கும், கையில் சரிப்படாது.

தலைதான் இந்த வேலையின் உயிர். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைத் தனிக் கட்டையில் செய்வதுதான் வழக்கம். காரணம் அலகு. ரேகை அலகின் நீளவாக்கில் ஓடினால்தான் அந்த மெல்லிய நுனி நிற்கும், குறுக்கே ஓடினால் கை பட்டதும் முறிந்துவிடும்.

பழகாதவர்கள் செதுக்கும் தலை பெரும்பாலும் பெட்டி மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் செங்குத்தாக. நிஜ வாத்தை நேருக்கு நேர் பாருங்கள். உச்சந்தலை குறுகல். கண்ணுக்குக் கீழே வரும்போது கன்னம் புடைத்து வெளியே வருகிறது. கண் உச்சந்தலைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு வாய்க்காலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வாய்க்கால் கண்ணிலிருந்து அலகின் அடிவரைக்கும் ஓடுகிறது. இந்த ஒரு பள்ளத்தை அரைவட்ட உளியால் மெதுவாகத் திறந்துவிட்டால், அதுவரை கட்டையாக இருந்தது சட்டென்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு அந்தக் கணம்தான் காரணம்.

அலகைப் பக்கவாட்டில் பார்த்தால் மேல்கோடு நேராகப் போகாது, நடுவில் மெல்லக் குழிந்து நுனியில் சற்று எழும்பும். நுனியில் நகம் மாதிரி ஒரு சின்னப் புடைப்பு. மூக்குத் துளைகள் அடிப்பக்கம், முகத்துக்குக் கிட்டே. நிஜ அலகிலிருந்து அச்செடுத்த மாதிரிகள் செதுக்குபவர்களுக்கென்றே விற்கிறார்கள். ஒன்றைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தால் பத்துப் படங்களில் கிடைக்காதது விரலுக்குத் தெரியும்.

கண்ணுக்குக் கண்ணாடிக் கண்கள் கிடைக்கின்றன. முழு அளவு மல்லார்டுக்குப் பழுப்பு நிறத்தில் 10 மி.மீ. அளவு பொருத்தம். துளையிடுவதற்கு முன் இரண்டு பக்கமும் குண்டூசி குத்திவிட்டு, முன்னாலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்திலும், அலகிலிருந்து ஒரே தூரத்திலும் இருக்க வேண்டும். ஒரு மயிரிழை மாறினாலும் பறவையின் முகமே கோணிப்போகும். கண்ணைவிடச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸிப் பசையை நிரப்பி, கண்ணை உள்ளே அழுத்துங்கள். பிதுங்கி வரும் பசையை ஈரக்குச்சியால் தள்ளித் தள்ளி இமையாக உருட்டிக்கொள்ளலாம். கண் வெளியே பிதுங்கி நிற்காமல் சற்று உள்ளடங்கி இருந்தால்தான் அமைதியான முகம் வரும். தலையை உடம்போடு சேர்க்க நடுவில் ஒரு மரமுளை, சுற்றிலும் எபாக்ஸி. ஒட்டுவதற்கு முன் தலையைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். நேராகப் பார்க்கிற வாத்து பொம்மைபோல் இருக்கும். கொஞ்சம் திரும்பிய தலையில் எதையோ கவனிக்கிற பாவம் வந்துவிடும்.

அலமாரியில் வைக்கத்தான் என்றாலும் முதல் வாத்தை மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்வேன். அதற்கு உடம்பைக் குடைவது நல்லது. மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு கட்டைகளில் செய்து, சுவர் அரை அங்குலம் நிற்கும்படி உள்ளே குடைந்து, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்ட வேண்டும். எடையும் குறையும், வெடிப்பும் குறையும். மரத்துக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அடியில் ரப்பர் வளையத்தால் ஒரு சின்ன எடையைக் கட்டி, முன்னே பின்னே நகர்த்தி நகர்த்தி, சமமாக நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே திருகிவிட வேண்டும். பிறகு வாத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். தானாக நிமிர்ந்தால் எடை சரி. பழைய காலத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயப்புகை விஷம், வீட்டுக்குள் அந்த வேலை வேண்டவே வேண்டாம். நீங்கள் குளத்தில் பார்த்த அந்தத் தண்ணீர்க்கோடு உங்கள் வாத்திலும் அதே இடத்தில் விழுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

வண்ணத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பளபளப்பு கூடாது. ஈரம் பட்டுப் பளிச்சிடுகிற வாத்து வானத்திலிருந்து பார்க்கிற பறவையை விரட்டிவிடும் என்பதால் வேட்டைக்காரர்கள் மங்கலான பெயின்ட்டையே தேடினார்கள். நமக்கு அந்தக் காரணம் இல்லை. ஆனால் பளபளப்பு உருவத்தை மறைக்கும், நீங்கள் அத்தனை பாடுபட்டுச் செதுக்கிய கன்னமும் வாய்க்காலும் அந்த ஒளியில் காணாமல் போகும். அக்ரிலிக் சீக்கிரம் காயும், தொடங்குபவர்களுக்கு வசதி. ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரைய வேண்டும் என்றால் எண்ணெய் வண்ணம்தான், அது காய நாள் பிடிக்கும். ஆண் மல்லார்டின் விலாவில் மெல்லிய சாம்பல் நெளிகோடுகள் இருக்கும். வெளிர்நிறம் பூசிக் காயவிட்டு, மேலே சற்று அடர்ந்த சாம்பல் நிறத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஒரு சீப்பை நெளித்து நெளித்து இழுத்தால் அந்தக் கோடுகள் வந்துவிடும். பழைய பட்டறைகளிலிருந்து வந்த வழிதான் இது. கழுத்தின் வெள்ளை வளையத்தை முழு வட்டமாகப் போடாதீர்கள். நிஜப் பறவையில் அது பிடரியில் சேராமல் திறந்திருக்கும்.

இந்த அளவுக்கு வந்தவர்கள் இறகு வேலையை நினைக்கலாம். சூட்டு எழுதுகோலால் மரத்தைச் சுட்டு இறகின் நரம்புகளை ஒவ்வொன்றாக இழுப்பார்கள். மேரிலாந்தில் 1971 முதல் நடந்துவரும் வார்டு உலகப் போட்டியில் அந்த வகை வேலையின் உச்சத்தைப் பார்க்கலாம். அந்தப் போட்டிக்குப் பெயர் தந்த லெம், ஸ்டீவ் வார்டு சகோதரர்கள் கிரிஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர்கள். கடைக்கு ஆள் வராத நேரத்தில் வாத்து செதுக்கினார்கள். அவர்களுடைய வேட்டை வாத்துகளில் இறகு வேலை மிகக் குறைவு. புடைத்த கன்னமும் லேசாகத் திரும்பிய தலையும் வைத்தே அது வார்டு வாத்து என்று சேகரிப்பவர்கள் அடையாளம் சொல்கிறார்கள்.

ஆண் வாத்து முடிந்ததும் அதே வரைபடத்தில் பெட்டையைச் செய்யுங்கள். உடம்பைச் சற்றே சிறிதாக்கிக்கொண்டால் போதும். அதில் பச்சைத் தலையும் இல்லை, வெள்ளை வளையமும் இல்லை, முழுக்கப் பழுப்புதான். அலகிலும் ஆரஞ்சுக்கு மேல் ஒழுங்கில்லாமல் கருந்திட்டுகள். நிறம் எதையும் மறைத்துக் கொடுக்காது என்பதால் கன்னமும் தோளும் வாலும் செதுக்கினபடியே கண்ணில் படும். வண்ணம் பூசுவதற்கு முன், பிரைமர் என்ற அடிப்பூச்சு மட்டும் அடித்த நிலையில், ஜன்னல் ஓரமாக வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எங்கே திருத்த வேண்டுமோ அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு, பூச்சு காய்ந்ததும் திரும்ப அரத்தை எடுக்கலாம்.